தெரியல டப்பா

“முட்டை அட்டை ஒன்று, பழைய டூத் பிரஷ், மாவு சலிக்கும் சல்லடை, இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. சுத்தியல் வேண்டாம்.”

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவல் இவ்வளவுதான். கடைசி வரியைப் படித்ததும் என் அக்கா மகளுக்கு முகம் வாடிவிட்டது. பத்து வயதுக்காரி. டிவியில் அவள் பார்த்த டைனோசர் ஆட்கள் எல்லாரும் கையில் சுத்தியலோடுதான் அலைந்தார்கள். “சுத்தி இல்லாம எப்படி மாமா கல்லை எடுப்பாங்க?” என்றாள். எனக்கும் தெரியாது. தெரிந்தவன்போல், “போய்ப் பார்த்துக்கலாம் வா” என்றேன். அக்காவுக்கு அன்று வேலை இருந்தது. அதனால் துணைக்குப் போனேன். புதைபடிவம் தேடும் அந்த வகுப்பில் நான் சேரவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது என் சட்டைப் பையிலும் ஒரு கல் கிடந்தது.

ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிறு. விடிகாலையில் திருச்சியிலிருந்து வேன் புறப்பட்டது. பதினான்கு பிள்ளைகள், ஆசிரியர், என்னைப்போல் துணைக்கு வந்த மூன்று பேர். சமயபுரம் தாண்டியபோது பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பாடாலூரில் டீ குடித்துவிட்டுச் சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். இருபுறமும் கரிசல் மண். பருத்தி எடுத்து முடியும் தறுவாயில் இருந்தது. சின்ன வெங்காயம் வரப்போரம் குவிந்து கிடந்தது. வண்டி நிறைய டைனோசர் பேச்சு. வெளியே பெரம்பலூர் மாவட்டத்தின் வழக்கமான காலை.

காரை கிராமத்தைக் கடந்ததும் நிலம் திடீரென்று வேறு ஏதோ ஆகிவிடுகிறது. வயல் முடிகிற இடத்தில் மண் பிளந்து, ஓடையும் மேடும் ஓடையும் மேடுமாகக் கண்ணுக்கு எட்டும்வரை போகிறது. சாம்பலும் மஞ்சளும் கலந்த களிமண். அங்கங்கே துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் திட்டுகள். சீமைக் கருவேல் தவிர வேறெதுவும் வேர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மழையும் இந்த மண்ணைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது; கரையாதவை மேலே மிச்சமாகின்றன. சுத்தியல் ஏன் வேண்டாம் என்பது அங்கே இறங்கி நின்றதும் புரிந்தது. தோண்டுகிற வேலையை வடகிழக்குப் பருவமழை முடித்து வைத்திருந்தது.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து நின்றார். “கல்லு நத்தையா தேடுறீங்க? தீவாளி மழை பேஞ்ச மறுநாளு வந்திருக்கணும் சார். இப்ப பாதியை எங்க ஆடே மிதிச்சிருக்கும்” என்றார். ஆசிரியர் அவரோடு கொஞ்ச நேரம் பேசி, எந்த ஓடை இந்த வருடம் புதிதாக அறுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். அன்று நாங்கள் போனது அவர் கைகாட்டிய ஓடைக்குத்தான்.

இந்த நிலத்தின் பழைய கதையை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடிச் சேறு. அப்போது இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. கடல் பலமுறை உள்ளே வந்து வந்து போனது. அதன் அடுக்குகள் மேற்கே பழையதாகவும், கிழக்கே அரியலூர் பக்கம் போகப்போகப் புதியதாகவும் கிடக்கின்றன. “நாம நிக்கிறது மேற்கு ஓரம். இங்கேருந்து அரியலூர் தாண்டி நடந்தா மூணரைக் கோடி வருஷம் நடந்த மாதிரி.” பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. ஒரு பையன் உடனே நடக்கக் கிளம்பினான், பிடித்து நிறுத்தினார்கள்.

விதிகள் மூன்றுதான். தரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுக்கலாம். ஒரே மாதிரி பத்து கிடந்தால் ஒன்று போதும். கைப்பிடியைவிடப் பெரிதாக எது கண்டாலும் தொடாமல் கூப்பிட வேண்டும். எடுத்த ஒவ்வொன்றும் முட்டை அட்டையின் ஒரு குழிக்குள் போகும். அட்டையின் ஓரத்தில் எந்த ஓடை, மேட்டின் அடியிலா நடுவிலா உச்சியிலா என்று எழுத வேண்டும். எழுதாத குழியில் இருப்பது வெறும் கல்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். எனக்கு வியப்பாக இருந்தது. வேட்டை என்றால் ஓட்டம் என்று நினைத்திருந்தேன். இங்கே ஆளுக்கு ஒரு பாய் அகல இடம். அதை விட்டு அரை மணி நேரம் நகரக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். சின்னச் சின்னச் சரளை, காய்ந்த ஆட்டுப் புழுக்கை, களிமண் பொருக்கு. எட்டாவது நிமிடம் ஏதோ ஒன்று மற்றவற்றைப்போல் இல்லாமல் தெரிகிறது. அதை எடுத்ததும் அதே மாதிரி நான்கு பக்கத்திலேயே கிடக்கின்றன. அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். என் அம்மா இருந்திருந்தால் எங்கள் எல்லாரையும்விட அதிகம் பொறுக்கியிருப்பாள்.

முதல் கூச்சல் எதிர்பார்த்ததுதான். “சார்! எலும்பு!”

வெள்ளையாக, நீளவாக்கில் நார் நாராகப் பிளந்த ஒரு பாளம். பார்த்தால் எலும்பு என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஆசிரியர் வாங்கி, அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்து, “நகத்தால கீறு” என்றார். கோடு விழுந்தது. ஜிப்சம். இந்தக் களிமண்ணின் விரிசல்களில் பிற்காலத்தில் படிந்த தாதுக்கல்; சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கச் சேர்ப்பார்களே, அது. காரையில் இது இல்லாத மேடு கிடையாது. இங்கே வருகிற ஒவ்வொரு குழுவும் முதலில் கண்டுபிடிக்கிற ‘எலும்பு’ இதுதான் என்றார்.

அடுத்த கூச்சல் ‘தோட்டா’. தேன் நிறத்தில், சுண்டுவிரலில் பாதி நீளத்தில், ஒருபக்கம் கூர்ந்த உருளை. இதுவும் உடைந்த இடத்தில் நார் நாராகவே இருந்தது. பையன் தானே நகத்தால் கீறினான், விழவில்லை. “அப்ப எலும்பா சார்?” இல்லை. ஆனால் உயிர். பெலெம்னைட் என்கிற கணவாய் உறவுப் பிராணி ஒன்றின் உடம்புக்குள் இருந்த கடினமான முனை. ‘உடம்புக்குள் ஓடா?’ என்று பிள்ளைகள் முழித்தபோது, துணைக்கு வந்திருந்த ஒரு பாட்டி கைகொடுத்தார். “நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு தருவானே, கிளிக்கூண்டுல கூட மாட்டி வைப்பாங்க, அது கணவாய்க்கு உள்ளாற இருக்கிற ஓடுதான் கண்ணு.” ஆசிரியரின் விளக்கத்தைவிட அது சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவதாக வந்ததும் நார்க்கல்தான். தட்டையான, விரல் நக அளவுச் சில்லு. அதன் ஓரத்தைப் பார்த்தால் ஊசிகளை நெருக்கமாக நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது. அப்போது ஆசிரியர் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைச் சுற்றில் விட்டார். அன்றைய வகுப்பு உண்மையில் தொடங்கியது அங்கேதான். எது எது என்று அவர் சொல்லவில்லை. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

ஜிப்சத்தில் நார் ஒரு விரிசல் சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகிறது. இரண்டு சுவரும் எங்கே கோணியதோ அங்கே நாரும் கோணுகிறது. அதற்கென்று ஒரு வடிவம் இல்லை, கிடைத்த சந்தில் வளர்ந்தது. தோட்டாவின் வெட்டுமுகத்தில் நார்கள் நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள்போல் விரிகின்றன. கூடவே மெல்லிய வளையங்கள், மரத்துக்கு இருப்பதுபோல். அந்தப் பிராணி வளர வளர ஒவ்வொரு படலமாகச் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது சில்லில் நார்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே நேர்நிலை, மேலும் கீழும் சீரான பரப்பு. அது இனோசெராமஸ் என்ற பெருஞ்சிப்பியின் ஓட்டுத் துண்டு. முழுதாக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட இருந்திருக்கலாம். கிடைப்பது எப்போதும் இந்தச் சில்லுதான். சில்லை அறிந்தவனுக்கு முழுச் சிப்பி தேவையில்லை.

பிறகு எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. ஏற்கெனவே உடைந்திருந்த ஒரு தோட்டாத் துண்டைச் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டுச் சாறு. நுரை பொங்கியது, பிள்ளைகள் கத்தினார்கள். ஜிப்சப் பொடியில் ஒரு சலனமும் இல்லை. சுண்ணாம்புச் சத்தோடு புளிப்பு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும் என்கிற பள்ளிக்கூடப் பாடம்தான். எல்லாக் கல்லின் மேலும் எலுமிச்சை பிழியக் கிளம்பிய இரண்டு பேரை ஆசிரியர் கடுமையாகத் தடுத்தார். நல்ல மாதிரியின் மேல் அமிலம் பட்டால் அடையாளமே அரித்துப் போய்விடும். சோதனைக்கு என்று ஒரு உடைசலைப் பலி கொடுப்பது வேறு.

நான் கவனித்தது ஒன்று. ‘இது என்ன சார்?’ என்று கேட்ட பிள்ளைகளுக்கு அவர் ஒருமுறைகூட நேராகப் பெயர் சொல்லவில்லை. ‘இதுல எது திரும்பத் திரும்ப வருது?’ என்பார். இல்லாவிட்டால் ‘பாதியா வெட்டினா ரெண்டும் ஒண்ணா இருக்குமா?’ பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். பெரியவர்களும் அப்படித்தான். ஒரு செடியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிற ஆள் நான்.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. அதற்குள் முட்டை அட்டைகள் பாதி நிரம்பியிருந்தன. என் அக்கா மகளின் அட்டையில் ஒரு குழியில் மட்டும் நான்கு: சட்டைப் பொத்தான் அளவில் சுருண்ட சின்னச் சுருள்கள். ‘குட்டி அம்மோனைட்’ என்று அவளே பென்சிலால் எழுதியும் விட்டாள். பெரிய அம்மோனைட் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். ஆட்டுக்கடா கொம்புபோல் ஒரே தளத்தில் சுருண்டது. வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரமும் அதுதான், கண்டகி நதியில் உருண்டு வந்த அம்மோனைட். அதனால் சுருள் என்றால் அம்மோனைட்.

ஆசிரியர் மறுக்கவில்லை. உண்மையான அம்மோனைட் ஒன்றின் உடைசலை அவள் கையில் வைத்தார். உட்புறம் அறை அறையாகத் தடுப்புகள். தடுப்பு ஓட்டைத் தொடுகிற கோடு கொத்தமல்லித் தழையின் ஓரம்போல் நெளிந்து நெளிந்து போனது. “இந்தக் கோடு உன்னுதுல இருக்கா, தேடு.” அவள் லென்ஸோடு பத்து நிமிடம் போராடினாள். இல்லை. உள்ளே தடுப்பும் இல்லை, ஒரே குழாய். அதோடு ஒரு சுருளில் கடைசி வளையம் சுருளை விட்டு விலகி, நேராக நீட்டிக்கொண்டிருந்தது. “இது சுத்துறதை நிறுத்திட்டு எங்கேயோ போகுது மாமா.”

அது புழு. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு கடலடியில் வாழ்ந்த புழுவின் வீடு. டியூபுலோஸ்டியம் என்று பெயர். இந்த இடத்தில் ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி அவளுடைய வாட்டத்தைப் போக்கியது. அந்தப் பெயரை வைத்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கால உயிர்கள் பற்றி அவர் எழுதிய பெருந்தொகுதிகள் 1873 வரை வந்தன. இன்றைக்கும் இந்தப் பகுதியில் ஒரு சிப்பியை அடையாளம் காண வேண்டுமென்றால் அவற்றின் படத்தாள்களைப் புரட்டாமல் முடியாது. 1868-இல் வந்த தொகுதி நத்தைகளைப் பற்றியது. அதில்தான் இந்தச் சுருளையும் சேர்த்தார். நத்தை என்றே நினைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் அதைப் புழுக்களின் வரிசைக்கு மாற்றினார்கள்.

“அவருக்கும் தெரியலையா?” என்றாள்.

“அவருக்கும் அப்ப தெரியல.”

அவள் ‘குட்டி அம்மோனைட்’டை அடித்துவிட்டு ‘புழு வீடு’ என்று எழுதினாள். ஸ்டோலிச்கா 1874-இல், மத்திய ஆசியப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தைத் தாங்காமல் இறந்துபோனார், வயது 36. லேயில் கல்லறை இருக்கிறது. காரைக் களிமண்ணில் கிடக்கும் ஒரு பொத்தான் சுருளுக்கும் இமயத்தில் இருக்கும் அந்தக் கல்லறைக்கும் நடுவே இப்படியொரு கோடு ஓடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருக்கும் முந்தியவர்கள் உண்டு. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கியவற்றை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை நடந்து அளந்து, அடுக்குகளை மூன்றாகப் பிரித்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வைத்த பெயர்கள் உலகத்துப் புவியியல் நூல்களில் நிலைத்துவிட்டன. ஊட்டத்தூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கல்லக்குடி என்ற பெயரை மீட்கத் தண்டவாளத்தில் படுத்த வரலாறு பக்கத்திலேயே இருக்கிறது; இந்தப் பக்கத்துக் கற்களின் பெயர்களோ யாருடைய கவனத்துக்கும் வராமல் தாமாகவே உலகம் சுற்றிவிட்டன.

வேப்பமரத்தடியில் தயிர்சாதம். அப்போதுதான் முட்டைப் பிரச்சினை வந்தது. ஒரு பையன் விதியை மீறி, கைப்பிடியைவிடப் பெரிய உருண்டைக் கல் ஒன்றைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். சந்தேகமே இல்லாத டைனோசர் முட்டை. வழவழப்பான மேல்தோல் என்ன, முட்டை வடிவம் என்ன! அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லக்கூட மனம் வராது, உண்மை சொல்லவும் மனம் வராது.

2020-இல் இதே மாவட்டத்தில் குன்னம் பக்கம் குளத்தை ஆழப்படுத்தியபோது இப்படிப்பட்ட உருண்டைகள் வெளிவந்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, ஊரே திரண்டது. வந்து பார்த்த நிபுணர்கள், இவை முட்டையல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களைச் சுற்றிச் சேறு இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். சேற்றில் ஒரு உயிர் செத்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள வேதிநிலை மாறி, தாதுக்கள் அந்த மையத்தைச் சுற்றிப் படலம் படலமாகப் படிகின்றன. வெளியே பார்க்க முட்டைதான்.

பையன் உடைத்துப் பார்க்கலாம் என்றான். ஆசிரியர், “உடைக்க வேணாம். எங்கே எடுத்தியோ அங்கே போய், இதோட அண்ணன் தம்பி ஏற்கெனவே உடைஞ்சு கிடக்கானான்னு பாரு” என்று அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஓடைத் திருப்பத்தில் மூன்று கிடந்தன, ஒன்று இரண்டாகப் பிளந்து. உள்ளே வெங்காயம்போல் வளையங்கள், ஓடு என்று தனியாக எதுவுமில்லை. முட்டை என்றால் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் இருந்தாக வேண்டும். பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் ‘முட்டை’யை எடுத்த குழியிலேயே பொருத்தி வைத்தான். சரியாகப் பொருந்தியது.

டைனோசர் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியர் கல்லமேட்டுக் கதையைச் சொன்னார். அது அரியலூர் பக்கம். கடல் பின்வாங்கி ஆற்று மண் படிந்த, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கு. அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் என்று பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் என்று குறித்தார்கள். அந்த அளவு சரியென்றால் உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று அது. ஆனால் எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, காப்பாற்றி வைக்கப்படும் முன்பே உதிர்ந்துபோயின. கோட்டுப் படங்கள் மட்டும் மிச்சம். அது டைனோசர்தானா, மரத்துண்டா என்றுகூட ஐயம் எழுப்பியவர்கள் உண்டு.

“அதே கல்லமேட்டுல 2013-இல ஒரு பல்லைப் பத்தி எழுதினாங்க” என்று நிறுத்தினார். “எவ்வளவு பெருசு?” பிள்ளைகள் கையை விரித்தார்கள். அவர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, அதிலும் ஒரு ஓரத்தைத் தொட்டார். ட்ரூடான்டிட் என்ற சிறு ஊனுண்ணி டைனோசரின் ஒற்றைப் பல். அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டும் இருந்ததாக அதுவரை எண்ணியிருந்தார்கள். பல்லின் ஓரத்தில் இருந்த ரம்பப் பற்களின் அளவையும் சாய்வையும் வைத்து அடையாளம் கண்டு, கோண்டுவானா என்ற தெற்குப் பெருநிலத்திலும் அது இருந்தது என்றார்கள். இரண்டு மீட்டர் எலும்பு இருந்ததா இல்லையா என்று சண்டை ஓயவில்லை. மில்லிமீட்டர் பல் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி அளக்கலாம்.

அந்தப் பல் எப்படிக் கிடைத்திருக்கும் என்று காட்டத்தான் சல்லடை. காலையிலேயே ஒரு வாளியில் ஓடைக் களிமண்ணை ஊறப் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் அது கரைந்து கஞ்சியாகிவிட்டது. அதை மாவுச் சல்லடையில் ஊற்றி, தண்ணீரில் மெல்ல ஆட்ட ஆட்டச் சேறு இறங்கியது. மணல்போல் ஒரு பிடி தங்கியது. வெள்ளை பேப்பர் தட்டில் கொட்டி வெயிலில் காயவைத்தார்கள். காய்ந்ததும் தட்டுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு லென்ஸ், நுனி நனைத்த ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ். இடமிருந்து வலம் ஒரு வரிசை, பிறகு அடுத்த வரிசை. வேண்டியதை ஈர நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. காலையில் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைகள். ஜிப்சத் துகள் மினுங்கியது, ஒதுக்கினார்கள். இரும்புச் சத்து ஏறிய பழுப்பு உருண்டைகள் ஒதுங்கின. ஊசிமுனை அளவில் அறை அறையாக ஒரு சுருள் அகப்பட்டது. ஃபொராமினிஃபெரா, ஒற்றைச் செல் உயிரின் ஓடு. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி அதைத் தானே கண்டுபிடித்து, “இதுல அறை இருக்கு. ஆனா அம்மோனைட் இல்ல” என்றாள். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, “இவ்வளவு சின்னதா குட்டி இருந்தாலும் அந்தக் கொத்தமல்லிக் கோடு இருக்கணும்” என்றாள். சரியோ தவறோ, வாதம் வாதம்தான்.

என் அக்கா மகளின் பிரஷ் நுனியில் வந்தது மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கறுப்பு. எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. ஒரு முனை கூர், மறுமுனை உடைந்திருந்தது. அவள் கத்தவில்லை. தட்டோடு தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து ஆசிரியரிடம் போனாள். மூச்சுவிட்டால் பறந்துவிடும் என்ற பயம்.

அவர் நெடுநேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். காரைக் களிமண்ணில் சுறாப் பற்கள் வெளிவந்திருக்கின்றன. சுறாவுக்கு எலும்பு குருத்தெலும்பு; அழுகிப்போகும். பல்லோ வாழ்நாள் முழுக்க விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும், ஒரு சுறாவே ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். இக்தியோசர் என்ற கடல் ஊர்வன இனத்தின் எச்சத்தை ஊட்டத்தூர் அடுக்கிலிருந்து ரிச்சர்ட் லைடெக்கர் 1879-இலேயே விவரித்திருக்கிறார். அதுவாகவும் இருக்கலாம், எலும்பு மீனாகவும் இருக்கலாம், நண்டுக் கொடுக்கின் நுனியாகக்கூட இருக்கலாம்.

“பளபளப்பைப் பார்த்தா பல்லுன்னு தோணுது. யாரோட பல்லுன்னு தெரியல. வேர் உடைஞ்சு போச்சு.”

பையிலிருந்து பழைய பாண்ட்ஸ் பவுடர் டப்பா ஒன்றை எடுத்தார். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் ‘தெரியல’ என்று எழுதியிருந்தது. உள்ளே பஞ்சு, சின்னச் சின்ன மாத்திரை கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கும் ஒரு சீட்டும். பல வருடத்துச் சேர்ப்பு. நேரம் கிடைக்கும்போது பல்கலைக்கழகத்தில் இந்த வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய் நுண்ணோக்கியில் காட்டுவாராம். சிலவற்றுக்குப் பெயர் கிடைத்து வேறு டப்பாவுக்குப் போயிருக்கின்றன. சில ஆறேழு வருடமாக அப்படியே கிடக்கின்றன.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று புரிந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கண்டுபிடிச்சேன்ல என்று என்னிடம் முனகினாள். ஆசிரியர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுத்தார். இடம், ஓடை, மேட்டின் எந்த உயரம், தேதி, சல்லடையா தரையா, கண்டெடுத்தவர், பெயர். போனில் இடத்தின் அளவெண்களைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை இன்ஷியலோடு, சீட்டில் பாதி நிறைகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். யோசித்துவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பல்லு?’ என்று சேர்த்தாள்.

திரும்பும் வழியில் சாத்தனூர் கல்மரத்தை எட்டிப் பார்த்தோம். 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது. 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன அடிமரம், வேலிக்குள் கிடக்கிறது. ஆற்று வெள்ளம் கடலுக்கு அடித்துக்கொண்டு வந்து சேற்றில் புதைத்த மரம். எல்லாரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கவில்லை. இரண்டு பேர் மட்டும் வேலிக்கு வெளியே, வழித்தடத்து ஜல்லியில் குந்தி உட்கார்ந்து எதையோ லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ரோடு போட வந்த கருங்கல் ஜல்லி. யாரும் சொல்லவில்லை.

திருச்சியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தபோது இருட்டிவிட்டது. சில்லறைக்காகப் பைக்குள் கை விட்டேன், ஜிப்சம் தட்டுப்பட்டது. காலையில் நானும் எலும்பு என்று சொன்னேனே, அந்த வெட்கத்தில் எப்போதோ எடுத்துப் போட்டுக்கொண்டது. நார் இல்லாத, பாளமாக உரியும் வகை. அவள் அதை வாங்கி, நகத்தை விளிம்பில் கொடுத்து நெம்பினாள். கண்ணாடிச் சில்லுபோல் மெல்லிய ஏடு ஒன்று கழன்று வந்தது. டிக்கெட்டின் மேல் அதை வைத்து, பஸ் விளக்குக்கு நேராகப் பிடித்துக் குனிந்தாள்.

“எழுத்து தெரியுது மாமா. கொஞ்சம் கலங்கலா.”